திவால் வழக்கை எடுக்கும் வக்கீல் கடைசியாக எப்போது படித்தார்?

ஒரு ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு நமக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர் ஹவுளுக்கு அருகில் நம்மை நிறுத்தி ஒரு கவரை நீட்டினார். மகன் நடத்திய பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் வங்கிக் கடனுக்கு அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். கம்பெனி நொடித்தது. "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடலாம், பாய்" என்று ஊர் வக்கீல் சொல்ல, சார்பு நீதிமன்றத்தில் மனு போட்டு எட்டு மாதம் காத்திருந்தார். கவருக்குள் இருந்ததோ சென்னை தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்திலிருந்து வந்த நோட்டீஸ். வங்கி அங்கே போயிருந்தது.

அந்த வக்கீல் ஏமாற்றுக்காரர் அல்ல. ஃபீஸும் குறைவாகத்தான் வாங்கியிருந்தார். அவர் சட்டக் கல்லூரியில் படித்த காலத்தில் அவர் சொன்னதுதான் சரி. அதற்குப் பிறகு அந்தப் பாடத்தை அவர் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நம் மக்கள் மஞ்சள் கடுதாசி என்று சொல்வது, சென்னை நகருக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டத்திலும் மாவட்டங்களுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டத்திலும் உள்ள நொடிப்பு மனுவைத்தான். ஐந்நூறு ரூபாய் கடன் இருந்தாலே மனு போடலாம் என்று இன்றும் அதில் இருக்கிறது. அது எந்தக் காலத்துச் சட்டம் என்பதற்கு இதுவே போதும். 2016இல் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தொகுப்பு வந்தது. இதையும் ஐ.பி.சி. என்றே சொல்கிறார்கள். நோட்டீஸில் அந்த மூன்றெழுத்தைப் பார்த்து, கிரிமினல் வழக்கு என்று பயந்து தூக்கம் இழந்தவர்கள் உண்டு. இது அந்த ஐ.பி.சி. அல்ல.

இந்தப் புதிய சட்டம் வந்ததிலிருந்து ஒரு இடத்தில் நின்றதில்லை. கம்பெனி மீது மனு போட ஒரு லட்சம் ரூபாய் பாக்கி போதும் என்று இருந்தது. 2020 மார்ச்சில் அது ஒரு கோடி ஆனது. வீடு வாங்க முன்பணம் கட்டியவர்களுக்கு 2018இல் கடன் கொடுத்தவர்களின் தகுதி கிடைத்தது. சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்குத் தனி வழிமுறை 2021இல் வந்தது. கொரோனாவை ஒட்டி, 2020 மார்ச் 25 முதல் ஓராண்டுக்குள் ஏற்பட்ட தவணைத் தவறுக்காக ஒரு கம்பெனியை இச்சட்டத்தின் கீழ் எப்போதுமே இழுக்க முடியாது என்று ஆக்கினார்கள். இந்த ஒரு பிரிவு தெரியாத வக்கீல், கையில் இருக்கும் கேடயத்தை எடுக்காமலே கட்சிக்காரரைத் தோற்க விட்டுவிடலாம்.

நம் வியாபாரியின் விஷயத்துக்கு வருவோம். கம்பெனிக்காக ஜாமீன் நின்ற தனிநபர்களை 2019 டிசம்பர் 1 முதல் இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2021 மே மாதம் தீர்ப்பளித்தது. அதற்கான நடைமுறைப் பிரிவுகளையும் 2023 நவம்பரில் உறுதி செய்தது. வங்கி மட்டுமல்ல, ஜாமீன்தாரரே முந்திக்கொண்டு தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.  ஆனால் பார்ட்னர்ஷிப் கடைக்கோ, சொந்தப் பெயரில் நடத்தும் கடைக்கோ ஜாமீன் நின்றவருக்கு இந்தப் பிரிவுகள் அமலுக்கு வரவில்லை. அவருக்கு இன்னும் அந்தப் பழைய சட்டம்தான். எனவே வக்கீல் முதலில் கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்வி: "அது கம்பெனியா, பார்ட்னர்ஷிப்பா?"

இத்துறையில் தொடர்ந்து படிக்க வேண்டும் என்ற கட்டாயம் ஒரு சாராருக்கு இருக்கிறது. நொடித்த கம்பெனியைப் பொறுப்பேற்று நடத்தும் இன்சால்வென்சி புரொஃபஷனல்கள் ஆண்டுக்குக் குறைந்தது 10 மணி நேரமும், மூன்று ஆண்டுகளில் 60 மணி நேரமும் தொடர் கல்வி முடிக்க வேண்டும் என்று நொடிப்பு மற்றும் திவால் வாரியம் விதித்திருக்கிறது. வக்கீல்கள், ஆடிட்டர்கள், கம்பெனி செகரெட்டரிகள் தேர்வு எழுதி இந்தப் பணிக்கு வருகிறார்கள். ஆனால் நமக்காக நின்று வாதாடும் சாதாரண வக்கீலுக்கு இப்படி நாடு முழுதுக்குமான கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் எல்லா வக்கீலுக்கும் இது உண்டு. டெக்சாஸில் ஆண்டுக்கு 15 மணி நேரம், நியூயார்க்கில் இரண்டு ஆண்டுகளில் 24.

மணிக்கணக்கு முடித்தால் அறிவு வந்துவிடுமா என்று கேட்டால், வராது. ஆன்லைன் வகுப்பைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாலும் மணி ஓடும். மதரஸாவில் வருகைப் பதிவேட்டில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் எல்லாம் கிதாபை ஓதத் தெரிந்தவர்கள் அல்ல என்பது நமக்குத் தெரியும். இருந்தாலும், கட்டாயமே இல்லாத இடத்தில் பதிவேடு கூட இல்லை.

ஃபிக்ஹு நூல்களில் கடனாளியின் மீதான தடை பற்றி ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. கடனில் மூழ்கியவரின் கையைக் கட்டி அவருடைய சொத்தைக் காழி விற்கலாமா என்ற கேள்வியில், கூடாது என்றார்கள் இமாம் அபூ ஹனீஃபா. அவர்களிடமே பாடம் படித்த அபூ யூசுஃபும் முஹம்மதும் விற்கலாம் என்றார்கள். ஹனஃபி மத்ஹபில் ஃபத்வா மாணவர்கள் இருவரின் சொல்லின் மீதுதான். உஸ்தாதின் சொல்லை மட்டும் மனனம் செய்துவிட்டு நிறுத்திக்கொண்ட ஆலிம் இந்த இடத்தில் தவறான ஃபத்வா கொடுப்பார். நாமும் ஒருமுறை அந்த இடத்தில் தடுமாறி, கிதாபை எடுத்துப் பார்த்த பிறகே பதில் சொன்னோம். அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

ஆகவே உங்கள் வீட்டில் இப்படி ஒரு கவர் வந்தால், வக்கீலிடம் மரியாதையாகவே கேளுங்கள்: "சார், கடந்த இரண்டு வருடத்தில் தீர்ப்பாயத்தில் ஜாமீன்தாரர் வழக்கு நடத்தியிருக்கிறீர்களா? 2023 தீர்ப்பு நம் வழக்கைப் பாதிக்குமா?" விஷயம் தெரிந்தவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். "பார்த்துச் சொல்கிறேன்" என்பதும் நல்ல பதில்தான். "அதெல்லாம் எனக்கு விடுங்கள்" என்றால் வேறு வக்கீலைப் பாருங்கள். இன்சால்வென்சி புரொஃபஷனல் என்று ஒருவர் வந்தால், அவருடைய பெயரும் பணி அனுமதி எதுவரை என்பதும் வாரியத்தின் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

நம் வியாபாரி இப்போது சென்னையில் வேறு ஒரு வக்கீலிடம் கட்டுகளைக் கொடுத்திருக்கிறார். அவர் முதலில் கேட்டது வங்கி நோட்டீஸை அல்ல, ஜாமீன் பத்திரத்தைத்தான். அதன் நகல் வீட்டில் இல்லை. வாங்கி வைக்க வேண்டும் என்று அன்று யாரும் அவருக்குச் சொல்லவில்லையாம்.