அருவி வீடியோ திக்கினால் யாரைக் கேட்பது?

விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. வீட்டுக் கணினிகளுக்குக் கொடுத்த ஓராண்டு நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 அன்று முடிகிறது. அந்தத் தேதி நெருங்க நெருங்க, தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர்ப் பக்கத்து வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. பழைய மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்றி, ‘கோடி’ என்ற மீடியா சென்டர் மென்பொருளைப் போட்டு டிவியோடு இணைத்தவர்களும் எழுதுகிறார்கள். இருந்ததைத் தள்ளிவிட்டுப் புதிதாக வாங்கியவர்களும் எழுதுகிறார்கள். யூடியூப் ஓடுகிறது, பழைய சினிமாப் படங்கள் ஓடுகின்றன, குற்றாலச் சீசனில் போனில் எடுத்த அருவி வீடியோ மட்டும் திக்கித் திக்கி ஓடுகிறது, ஃபேன் இரைகிறது. இதற்குப் பலரும் சொல்லும் மருந்து ஒன்றுதான்: செட்டிங்ஸில் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனை ஆஃப் செய்துவிடுங்கள். பெரும்பாலான நேரங்களில் அது தவறான மருந்து. அதைவிட மோசம், கோளாறுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியையே அது மூடிவிடுகிறது.

அருவி வீடியோ மட்டும் ஏன் மாட்டிக்கொள்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். வீடியோவைச் சுருக்கும் முறைகள் (கோடெக்குகள்) பெரும்பாலும் ஓர் ஊகத்தின்மேல் நிற்கின்றன. அடுத்த ஃபிரேம் முந்தைய ஃபிரேமைப் போலத்தான் இருக்கும், மாறிய இடத்தை மட்டும் குறித்துக்கொண்டால் போதும் என்பது அந்த ஊகம். மேடையில் ஒருவர் நின்று பேசும் காட்சியில் அது அப்படியே பலிக்கும். ஐந்தருவியின் சாரலில் பலிக்காது. அங்கே ஒவ்வொரு துளியும் ஒளியை வாங்கி நொடிக்கு நொடி வேறு இடத்தில் சிதறுகிறது. முந்தைய ஃபிரேமிலிருந்து கடன் வாங்க ஒன்றும் கிடைப்பதில்லை. வீடியோ ஆய்வாளர்கள் கோடெக்குகளைச் சோதிக்க வைத்திருக்கும் காட்சிகளில், ஆற்றுப்படுகையில் நீர் ஓடும் ‘ரிவர்பெட்’ என்ற துண்டு கடினமானது என்று பெயரெடுத்ததும் இதனால்தான். கணிக்க முடியாத படத்தைக் காப்பாற்ற போன் அதிகத் தரவைச் செலவிடுகிறது. அந்தத் தரவை ஒவ்வொரு பிட்டாக அவிழ்க்கும் வேலை சிபியுவின் தலையில் விழுந்தால் அது மூச்சு வாங்கும். அதற்கென்றே சிப்பில் செதுக்கிய டிகோடர் சர்க்யூட் செய்தால் சுமை தெரியாது; வேலையை அந்தச் சர்க்யூட்டிடம் ஒப்படைப்பதுதான் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன். கூடவே இன்னொன்று: 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் எச்இவிசி எனப்படும் எச்.265 முறையில்தான் இயல்பாகப் பதிவு செய்கின்றன. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் அந்த வசதி இருக்கிறது. யூடியூப் அந்த முறையை நம்பியில்லை, விபி9, ஏவி1 முறைகளைப் பயன்படுத்துகிறது. யூடியூப் ஓடுவதை வைத்துக் கணினி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

கோடியில் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனுக்கான தெரிவு சுவிட்ச் போலத் தெரிகிறது. உண்மையில் அது ஒரு வேண்டுகோள்தான். அதைப் போட்டால் கோடி டிரைவரிடம் போய், இந்த வகை வீடியோவை உன் சிப் அவிழ்க்குமா என்று கேட்கிறது. முடியும் என்று பதில் வந்தால் வேலையைக் கொடுக்கிறது. இல்லை என்றால் ஒரு வார்த்தை சொல்லாமல் தனக்குள் இருக்கும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளைக் கொண்டு சிபியுவிலேயே அவிழ்க்கத் தொடங்குகிறது. படம் எப்படியாவது ஓட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்த ஏற்பாடு இது. ஆனால் இந்த மௌனம்தான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். பயனாளர் சுவிட்சைப் போட்டிருக்கிறார், ஆகவே சர்க்யூட் வேலை செய்கிறது என்று நம்புகிறார், நடப்பது வேறு. வீடியோ ஓடும்போது விசைப்பலகையில் ‘ஓ’ எழுத்தைத் தட்டினால் திரையில் ஒரு தகவல் பலகை வரும். டிகோடர் பெயருக்குப் பக்கத்தில் எச்டபிள்யூ என்று இருந்தால் சர்க்யூட் வேலை செய்கிறது, எஸ்டபிள்யூ என்று இருந்தால் சிபியு தனியாக உழைக்கிறது. எந்தச் செட்டிங்கையும் மாற்றுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். எஸ்டபிள்யூ என்று காட்டும் கணினியில் ஆக்ஸிலரேஷனை ஆஃப் செய்வதால் எதுவும் மாறாது, அது ஏற்கெனவே ஆஃப்தான்.

அடுத்த கேள்வி, மறுப்பது யார் என்பது. சிப்பிலேயே சர்க்யூட் இல்லாமல் இருக்கலாம். இன்டெல்லில் 2015-இன் 6-ஆம் தலைமுறை எச்இவிசியின் 8 பிட் வகையை அவிழ்க்கும். 10 பிட் வகைக்கு 7-ஆம் தலைமுறையாவது வேண்டும். ஏவி1 வேண்டுமானால் 11-ஆம் தலைமுறை. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதல் சில ஆண்டுக் கருவிகளில் எச்இவிசி சர்க்யூட்டைத் தேடிப் பயனில்லை. சர்க்யூட் இருந்தும் டிரைவர் சரியில்லாமல் இருக்கலாம். லினக்ஸில் இன்டெல்லுக்கு இரண்டு வீடியோ டிரைவர்கள் உண்டு. 5-ஆம் தலைமுறை முதல் புதியது, அதற்கு முந்தியவற்றுக்குப் பழையது. ஏஎம்டி சிப் உள்ளவர்கள் ஃபெடோரா லினக்ஸ் போட்டால், 2022 முதல் அந்த வெளியீட்டில் எச்.264, எச்.265 வன்பொருள் டிகோடிங் உரிமச் சிக்கலால் விலக்கப்பட்டிருக்கிறது. வெளிக் களஞ்சியத்திலிருந்து தனியாக நிறுவ வேண்டும். இவை தெரிந்த கோளாறுகள், தீர்வு உள்ளவை.

மூன்றாவது வகைதான் கவலை தருவது. சிப்பில் சர்க்யூட் இருக்கிறது, டிரைவரும் புதிது, ஆனாலும் கணினியை விற்ற நிறுவனம் அதை மூடி வைத்திருக்கிறது. 2025 நவம்பரில் இது உலகச் செய்தியானது. எச்பி தன் 600 வரிசை ஜி11, 400 வரிசை ஜி11, 200 வரிசை ஜி9 உள்ளிட்ட சில மடிக்கணினிகளில் எச்இவிசி வன்பொருள் வசதியை 2024-லேயே முடக்கியதாக ஒப்புக்கொண்டது. தேவைப்படுவோர் உரிமம் பெற்ற வேறு மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்றது. டெல் தன் பங்குக்கு, எச்இவிசி வசதி உயர்ரகக் கருவிகளிலும், 4கே திரை, தனி கிராஃபிக்ஸ் கார்டு போன்றவை கொண்ட சில சாதாரண ரகங்களிலும் உண்டு, மற்றவற்றில் இல்லை, வேண்டுவோர் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் மலிவான செயலி வாங்கிக்கொள்ளலாம் என்றது. இன்டெல்லும் ஏஎம்டியும் அந்தச் சர்க்யூட்டைச் செதுக்கித்தான் சிப்பை விற்கின்றன. அந்தச் சிப்புக்கான விலையை வாங்குபவர் கொடுத்துத்தான் இருக்கிறார். எச்இவிசி காப்புரிமைக்கான ராயல்டியோ முழுக் கருவியை விற்பவரிடம் வசூலிக்கப்படுகிறது. அந்தச் சில சென்ட்டுகளை மிச்சப்படுத்த, மேசைமேல் இருக்கும் பொருளில் ஒரு பகுதியைச் செயலிழக்கச் செய்திருக்கிறார்கள்.

காரணம் பற்றிச் சொல்லப்படுவதையும் அப்படியே ஏற்கத் தேவையில்லை. வியா லைசென்சிங் அலையன்ஸ் என்ற உரிமக் குழு, அமெரிக்காவில் 1 லட்சத்துக்கு மேல் கருவிகள் விற்கும் நிறுவனங்களுக்கான கட்டணத்தை 2026 ஜனவரி முதல் 20 சென்ட்டிலிருந்து 24 சென்ட்டாக உயர்த்தும் என்ற செய்தியோடு சேர்த்துத்தான் இது பேசப்பட்டது. எச்பியின் சொந்தக் கூற்றுப்படியே முடக்கம் 2024-இல் நடந்துவிட்டது. 4 சென்ட் உயர்வின் மேல் பழியைப் போடுவதற்கு முன்பே கதவு சாத்தியாகிவிட்டது.

கட்டணம் கேட்பதே தவறு என்பது என் வாதம் அன்று. ஆராய்ச்சிக்குச் செலவழித்தவர்கள் ராயல்டி கேட்பதில் நியாயம் உண்டு. கேட்கும் விதத்தில் நேர்மை இருக்கிறதா என்பதே கேள்வி, அதற்கு நல்ல ஒப்பீடும் இருக்கிறது. 2012-இல், சிறு கணினிப் பலகைகளை விற்கும் ராஸ்பெரி பை அறக்கட்டளை இதே சிக்கலைச் சந்தித்தது. அதன் சிப்பில் எம்பெக்-2, விசி-1 டிகோடர்கள் இருந்தன. எல்லாப் பலகைக்கும் உரிமம் கட்டினால் விலை ஏறும். ஆகவே பூட்டித்தான் விற்றார்கள். ஆனால் பூட்டியிருப்பதை வெளிப்படையாகச் சொன்னார்கள்; எம்பெக்-2-க்கு 2.40 பவுண்டு, விசி-1-க்கு 1.20 பவுண்டு என்று விலை போட்டார்கள். பணம் கட்டியவருக்கு அவருடைய பலகையின் சீரியல் எண்ணுக்கென்று ஒரு சாவி கொடுத்தார்கள். அந்தச் சாவி திறந்தது சிப்பில் இருந்த அதே சர்க்யூட்டை. தேவையில்லாதவர் காசு கட்டவில்லை, தேவையானவர் எதையும் இழக்கவில்லை. பெரிய நிறுவனங்கள் காட்டும் வழி அப்படிப்பட்டதாக இல்லை. செயலி வாங்கினால் வீடியோ ஓடலாம். சர்க்யூட் மூடியே இருந்தால் உழைப்பது சிபியுதான், செலவாவது பேட்டரிதான்.

இன்றைய சிபியுக்கள் பலசாலிகள், சர்க்யூட் இல்லாமலே 4கே ஓட்டும் என்று ஒரு மறுப்பு வரும். மின்சாரத்தில் செருகிய புதிய கணினியைப் பொறுத்தவரை அதில் பெருமளவு உண்மை இருக்கிறது. ஆனால் நொடிக்கு 60 ஃபிரேம், 10 பிட் வண்ணம், சிதறும் நீர் என்று மூன்றும் சேரும் வீடியோவில், பேட்டரியில் ஓடும் சின்னச் சிபியுவுக்கு அந்த உறுதியைத் தர முடியாது. வசதி முடக்கப்பட்ட மடிக்கணினிகள் எல்லாம் அலுவலகத்துக்கான ரகங்கள், அங்கே யார் அருவி வீடியோ பார்க்கப்போகிறார்கள் என்பது இன்னொரு மறுப்பு. அலுவலகத்தோடு அந்தக் கணினியின் ஆயுள் முடிவதில்லை. மூன்று, நான்கு ஆண்டு கழித்துப் பெருநிறுவனங்கள் கழித்துவிடும் அதே ரகங்கள்தான் செகண்ட் ஹேண்ட் மடிக்கணினிகளாகச் சிற்றூர்க் கடைகளுக்கு வருகின்றன. அன்று அதை வாங்கும் தென்காசிக் குடும்பத்திடம் முதல் விற்பனையின் விவரக் குறிப்பு இருக்காது. கீழே பொடியெழுத்தில் வசதி முடக்கப்பட்டதாக இருந்த வரியை அவர்கள் பார்த்திருக்கவும் மாட்டார்கள். கணினி மெதுவாக இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

வீட்டுக்குள் இருக்கும் பெட்டியின் கட்டுப்பாடு வெளியே இருப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அன்று. 2022 நவம்பரில் அரசு கேபிள் டிவியின் செட்டாப் பாக்ஸ்கள் பல லட்சம் வீடுகளில் முடங்கின. பெட்டிகளில் பழுதில்லை, மென்பொருள் வழங்கிய தனியார் நிறுவனத்துடனான தகராறே காரணம் என்று அரசுத் தரப்பு சொன்னது. அரசே வாங்கிய கருவிக்கே அந்தக் கதி என்றால், கொள்முதல் ஒப்பந்தத்தில் என்ன எழுதுகிறோம் என்பது சின்ன விஷயம் ஆகாது. கல்லூரி மாணவர்களுக்கு எல்காட் என்ற அரசு நிறுவனம் வழியாக மடிக்கணினிகள் மறுபடி வாங்கப்படும் காலம் இது. சிபியு, ரேம், எஸ்எஸ்டி அளவு கேட்பதோடு, சிப்பில் உள்ள வீடியோ டிகோடர்கள் எல்லாம் திறந்த நிலையில் உரிமத்தோடு தரப்பட வேண்டும் என்ற ஒரு வரியும் டெண்டரில் இடம்பெற வேண்டும். லட்சக்கணக்கில் வாங்குபவர் கேட்டால்தான் விற்பவர் செவிசாய்ப்பார்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

கோடெக் பேக் போட வேண்டுமா? வேண்டாம், கோடியும் விஎல்சியும் தம் டிகோடர்களைத் தாமே கொண்டிருக்கின்றன.

பச்சைத் திரை, கட்டம் கட்டமாகச் சிதறும் படம்? டிரைவர் கோளாறு, இங்கே ஆக்ஸிலரேஷனை ஆஃப் செய்து பார்ப்பது சரியான சோதனை, சரியானால் டிரைவரைப் புதுப்பியுங்கள்.

வண்ணம் வெளிறித் தெரிகிறதா? வீடியோ எச்டிஆர், டிவி சாதாரணம். போனில் எச்டிஆரை நிறுத்திவிட்டு எடுங்கள்.

எச்டிஎம்ஐ கேபிளை மாற்றலாமா? கேபிள் கெட்டால் படம் விட்டுவிட்டு மறையும், புள்ளி தெறிக்கும். திக்குவதற்கு அது காரணமாவது அரிது.

விண்டோஸ் 11-க்கு மாறினால் சரியாகுமா? அது ஏற்கும் இன்டெல் சிப்புகளில் எச்இவிசி சர்க்யூட் உண்டு, திறந்திருக்கிறதா என்பதை ‘ஓ’ விசைதான் சொல்லும்.

பழைய மடிக்கணினியை வைத்தே சமாளிக்க முடியுமா? போனில் எச்.264 முறைக்கு மாற்றி, 1080 அளவில் பதிவு செய்தால் முடியும்.

அக்டோபருக்குள் வாங்கப்போகிறவர்கள், புதிதோ செகண்ட் ஹேண்டோ, போனில் எடுத்த ஓர் எச்இவிசி வீடியோவைப் பென் டிரைவில் கொண்டுபோய்க் கடையிலேயே ஓட்டி, டாஸ்க் மேனேஜரின் ஜிபியு பக்கத்தில் வீடியோ டிகோட் வரைபடம் எழுகிறதா என்று பாருங்கள். எழவில்லை என்றால் காரணத்தைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கருவியை வாங்காதீர்கள்.