முயலை மருத்துவரிடம் கொண்டு செல்லும் முன்

சில ஆண்டுகளுக்கு முன், கத்திரி வெயில் காலத்தில், ஒரு சிறு விவசாயி காதுச் சொறி கண்ட ஒரு பெண் முயலைக் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு வந்தார். முயலை உரச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, நடுப்பகலில் பேருந்தில் ஏறி வந்திருந்தார். மருத்துவர் முன் சாக்கை அவிழ்த்தபோது முயல் இறந்து கிடந்தது. "அய்யா, வீட்டை விட்டுக் கிளம்பும்போது நல்லாத்தானே இருந்துச்சு" என்றார் அவர். அவர் சொன்னது உண்மை. காதுச் சொறி ஊசி மருந்தில் குணமாகிவிடும் நோய். அந்த முயல் நோயினால் சாகவில்லை, வழியில் செத்தது.

முயல் மிகவும் பயந்த சுபாவமுள்ள பிராணி. அதற்கு வியர்வை வழியாக வெப்பத்தை வெளியேற்றும் வசதி இல்லை. எலும்புகள் இலேசானவை, பின்னங்கால் தசைகளோ வலுவானவை. ஆகவே பயம், வெயில், தவறான பிடி ஆகிய மூன்றுமே முயலைக் கொல்லக் கூடியவை. பத்து முயல் வளர்ப்போருக்கும், வீட்டில் குழந்தைகள் பிரியமாக ஒன்றிரண்டு வளர்ப்போருக்கும் கீழ்க்காணும் குறிப்புகள் உதவும்.

எப்போது கொண்டு செல்வது?

காட்டில் பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணியாதலால், முயல் தன் நோயை வெளியில் காட்டிக்கொள்வதில்லை. நம் கண்ணுக்குத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும். எனவே காலையும் மாலையும் தீவனம் வைக்கும்போது, முன் வேளைத் தீவனம் தின்னப்பட்டுள்ளதா, கூண்டின் அடியில் புழுக்கை உள்ளதா என இரண்டையும் கவனித்தல் வேண்டும்.

அன்றே கொண்டு செல்ல வேண்டிய அறிகுறிகள்:

1. அரை நாளுக்கு மேல் தீவனம் எடுக்காமல் இருத்தல், அல்லது புழுக்கை போடாமல் இருத்தல்.
2. வயிறு உப்புதல், பல்லை நறநறவெனக் கடித்துக்கொண்டு மூலையில் ஒடுங்கி உட்காருதல்.
3. குட்டிகளில் நீர்த்த கழிச்சல்.
4. வாயைத் திறந்து மூச்சு வாங்குதல்.
5. தலை ஒரு பக்கம் சாய்தல், பின்னங்கால்களை இழுத்தல்.
6. பெண் முயல் நெடுநேரம் முக்கியும் குட்டி ஈனாதிருத்தல்.

மூக்கில் சளி வடிதல், முன்னங்கால் மயிர் ஒட்டிப்போதல், தாடை ஈரமாயிருத்தல், காதில் பொருக்கு, பாதத்தில் புண் ஆகியவற்றுக்கு ஓரிரு நாள் அவகாசம் உண்டு. வாரச் சந்தை வரை தள்ளிப் போடலாகாது.

சில இயல்பான நிலைகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இரவிலும் விடியற்காலையிலும் முயல் திராட்சைக் கொத்துப் போன்ற மென்மையான புழுக்கை இட்டு, அதைத் தானே வாய் வைத்துத் தின்னும். இது கழிச்சல் அன்று. முயலுக்கு வேண்டிய புரதத்தில் ஒரு பகுதியும் உயிர்ச்சத்துக்கள் சிலவும் இவ்வாறு கிடைக்கின்றன. சிறுநீர் கலங்கலாகவோ, சில வேளை செம்மஞ்சள் நிறமாகவோ இருப்பதும் உண்டு. முயலின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 104 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். தொட்டால் சுடுகிறதென்று காய்ச்சல் மாத்திரை கொடுத்தல் கூடாது.

கைவைத்தியம் கூடாது

பிற கால்நடைகளுக்கும் மனிதருக்கும் வாங்கிய மருந்துகளில் மீதியை முயலுக்குக் கொடுப்பது பெரும் ஆபத்து. பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், லின்கோமைசின் ஆகியவற்றை வாய் வழியாகக் கொடுத்தால், முயலின் குடலிலுள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அழிந்து, தீமை செய்பவை பெருகிவிடும். கழிச்சல் கண்டு முயல் இறக்கும். நாயின் முதுகில் விடும் உண்ணி மருந்துகளில் பிப்ரோனில் கலந்தது முயலுக்கு நஞ்சு. காதுப் பொருக்கைப் பிய்த்து எடுப்பதும், மண்ணெண்ணெய் தடவுவதும் வேதனையைக் கூட்டுமே தவிர நோயைத் தீர்க்கா. ஏற்கெனவே ஏதேனும் மருந்து கொடுத்திருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்வதுடன், அதன் அட்டையையோ புட்டியையோ கையில் எடுத்துச் செல்ல வேண்டும்.

பட்டினி போடாதீர்

நாய்க்கு அறுவைச் சிகிச்சைக்கு முன் உணவு நிறுத்துவார்கள் என்று கேள்விப்பட்டு, முயலையும் பட்டினி போட்டுக் கொண்டு வருவோர் உண்டு. முயலால் வாந்தி எடுக்க இயலாது. ஆகவே அந்தப் பயம் இல்லை. மாறாக, தீவனம் நின்றால் குடலின் இயக்கம் நின்றுவிடும். கிளம்பும் வரை தீவனமும் தண்ணீரும் வைக்க வேண்டும். வழிக்கும் அது வழக்கமாகத் தின்னும் முயல் மசால், வேலிமசால் அல்லது புல்லை ஒரு கைப்பிடி, முந்திய நாள் அறுத்து வாட வைத்து எடுத்துக்கொள்ள வேண்டும். புதுத் தழை எதையும் அன்று கொடுக்கலாகாது.

பிடிக்கும் முறை

முயலைக் காதைப் பிடித்துத் தூக்கலாகாது. ஒரு கையால் தோள் பக்கத்துத் தளர்ந்த தோலைப் பிடித்து, மறு கையால் பின்பாகத்தைத் தாங்கித் தூக்க வேண்டும். உடல் எடை முழுதும் பின்பாகத்தைத் தாங்கிய கையில் இருத்தல் வேண்டும். பின் முயலின் தலையை நம் முழங்கை மடிப்புக்குள் செருகிவிட்டால், இருட்டில் அடங்கி இருக்கும். பின்னங்கால் தொங்கவிட்டால் அது வேகமாக உதைக்கும். அந்த ஒரே உதையில் முதுகெலும்பு முறிந்து, பின்னங்கால்கள் விழுந்துவிடக் கூடும். முறிந்தபின் மருத்துவர் செய்யக்கூடியது மிகக் குறைவு.

கூடையும் பயணமும்

மூங்கில் கூடை அல்லது காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டி போதும். வளர்ந்த முயலுக்கு ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் இருக்கலாம். அடியில் சணல் சாக்கை மடித்துப் போட்டு, மேலே வைக்கோல் பரப்பினால் கால் வழுக்காது. மூடி உறுதியாய்க் கட்டப்பட வேண்டும். கூடைக்கு ஒரு முயலே வைத்தல் நன்று. இரண்டு ஆண் முயல்களை ஒன்றாய் வைத்தால் கடித்துக்கொள்ளும்.

விடியற்காலையில் கிளம்பி, வெயில் ஏறுமுன் மருந்தகம் சேர வேண்டும். கோடையில் கூடையின் மேல் ஈரப் பருத்தித் துணியைக் காற்றோட்டம் தடைபடாமல் போர்த்தலாம். உறைய வைத்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிக் கூடைக்குள் ஓரமாய் வைப்பதும் நல்லது. இருசக்கர வண்டியில் செல்வோர் எஞ்சினின் சூடு படும் இடத்தில் கூடையைக் கட்டலாகாது. வழியில் முயல் வேகமாக இரைத்தால் நிழலில் இறக்கி, காதுகளைக் குளிர்ந்த நீரால் நனைக்க வேண்டும். தண்ணீருக்குள் அமிழ்த்தக் கூடாது. மருந்தகத்தில் நாய்கள் நிற்கும் இடத்திற்கு அப்பால், துணி மூடியபடியே கூடையை வைக்க வேண்டும்.

பால் கொடுக்கும் தாய் முயலைக் கொண்டு செல்ல நேர்ந்தால் குட்டிகளைத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. தாய் முயல் நாளொன்றுக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரு முறை, அதுவும் சில நிமிடங்களே பால் கொடுக்கும். காலையில் பால் கொடுத்தபின் கிளம்பினால், திரும்பும் வரை குட்டிகள் கூட்டுப் பெட்டியில் வெதுவெதுப்பாக இருந்தால் போதும்.

மருத்துவரிடம் கூற வேண்டியவை

முயலால் பேச இயலாது. மருத்துவருக்கு வேண்டிய செய்தியில் பாதி வளர்ப்பவரிடமே உள்ளது. கீழ்க்கண்டவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்க:

1. வயது, இனம், ஆணா பெண்ணா.
2. மொத்த முயல்கள் எத்தனை, நோயுற்றவை எத்தனை, இறந்தவை எத்தனை.
3. நோய் முதலில் தெரிந்த நாள். கடைசியாகத் தீவனம் தின்ற நேரம்.
4. கொடுக்கும் தீவனம், அண்மையில் மாற்றம் ஏதும் செய்ததா.
5. பெண் முயலானால் இனச்சேர்க்கை செய்த தேதி. சினைக்காலம் ஏறத்தாழ ஒரு மாதமே. சில மருந்துகள் சினைக்கு ஆகா.
6. புது முயல் வாங்கிச் சேர்த்திருந்தால் அந்த நாள்.

எடையும் அவசியம், ஏனெனில் மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. வெறும் கூடையை முதலில் நிறுத்துக்கொள்ள வேண்டும். கூடை 1 கிலோ 200 கிராம், முயலுடன் 4 கிலோ 700 கிராம் என்றால் முயலின் எடை மூன்றரை கிலோ.

கழிச்சல் கண்டிருந்தால் அன்று காலையில் விழுந்த புழுக்கையை, மண் ஒட்டாமல், மூடியுள்ள சுத்தமான சிறு டப்பாவில் எடுத்துச் செல்லவும். குட்டிகளைக் கொத்துக் கொத்தாய்க் கொல்லும் இரத்தக் கழிச்சல் எனப்படும் காக்சிடியா நோயை நுண்ணோக்கியில் இதைக் கொண்டே கண்டறியலாம். ஏதேனும் முயல் இறந்திருந்தால் அதை உடனே புதைத்துவிடாமல், பாலித்தீன் பையில் இட்டு, சுற்றிலும் பனிக்கட்டி வைத்து அன்றே கொண்டு செல்க. நாமே அறுத்துப் பார்க்கலாகாது. இறந்த ஒன்றைப் பரிசோதிப்பதால் இருக்கும் ஒன்பதும் பிழைக்கலாம்.

திரும்பி வந்தபின்

சிகிச்சை பெற்ற முயலை 2 வாரம் தனிக் கூண்டில் வைத்து, மற்றவற்றுக்குத் தீவனம் வைத்தபின் கடைசியாக இதனைக் கவனிக்க வேண்டும். சொறியும் படர்தாமரையும் மனிதருக்கும் தொற்றக் கூடியவை. ஆகவே கையைச் சோப்பிட்டுக் கழுவுதல் அவசியம். குழந்தைகள் அதைத் தூக்கி விளையாட விடக்கூடாது. காக்சிடியாக் கிருமியின் முட்டைகள் சாதாரணக் கிருமிநாசினிக்கு மடியா. கூடையையும் கூண்டையும் கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் நன்கு காய வைக்க வேண்டும்.

முயல் தெளிந்துவிட்டதென்று மருந்தைப் பாதியில் நிறுத்தலாகாது. மருந்து கொடுத்த முயலை எத்தனை நாள் கழித்து இறைச்சிக்கு விற்கலாம் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அருகிலுள்ள மருந்தகத்தில் முயலுக்கு வேண்டிய மருந்து இருப்பில் உள்ளதா என்பதை நோய் வருமுன்பே விசாரித்து வைத்திருப்பது நல்லது. ஒரு கூடையும், ஒரு சணல் சாக்கும், முயல்களின் விவரம் எழுதிய ஒரு நோட்டும் கொட்டகையில் எப்போதும் ஆயத்தமாய் இருக்கட்டும்.