சீசேரியன் சத்திரசிகிச்சையும் தோலை மூடும் முறைகளும்

மகப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பர் நம் முன்னோர். அது வயிற்றைக் கீறும் சத்திரசிகிச்சையால் நிகழுமிடத்துக் குழந்தையை எடுத்தலோடு வைத்தியரின் பணி முடிந்துவிடுவதில்லை. திறந்த வயிற்றைச் செவ்வனே மூடுதலும் அவர் கடனாகும். இலங்கையில் ஏறத்தாழ மூன்றிலொரு பிரசவம் இவ்வாறு நிகழ்ந்ததென 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீடு காட்டிற்று. ஆதலின் இம்முறைகளை நாமும் ஓரளவு அறிந்திருத்தல் நன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை கருப்பையைத் தைக்காது விடுதலே பெருவழக்காயிருந்தது. குருதிப் பெருக்காலும் கிருமித் தொற்றாலும் தாய்மார் பலர் மாண்டனர். 1882இல் ஜேர்மனிய வைத்தியர் மக்ஸ் சாங்கர், கருப்பையை வெள்ளிக் கம்பியாலும் பட்டு நூலாலும் தைக்கும் முறையை வெளியிட்டார். 1900இல் பான்னென்ஸ்ரீல் என்பார் அடிவயிற்றின் குறுக்கே இடும் கீறலை விவரித்தார். இன்று பெரிதும் கையாளப்படுவது குறுக்குக் கீறலே.

தோலை மூடும் வழிகள் மூன்று. முதலாவது நூற்றையல். வெளியே இடும் கரையாத நூலைப் பின்னர் வெட்டி எடுத்தல் வேண்டும். தோலின் உட்புறமாக ஓட்டும் கரையும் நூலோ தானே உடலிற் கரைந்து மறையும். இரண்டாவது, ஸ்டேப்பிள் எனப்படும் உலோகக் கவ்விகள். இவை விரைவில் இடத்தக்கன; எனினும் சில நாள்களின் பின் அகற்றப்படல் வேண்டும். மூன்றாவது, தோலை ஒட்டும் மருத்துவப் பசை.

இவற்றுட் சிறந்தது யாது? 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 746 தாய்மார் இரு பிரிவினராக்கப்பட்டனர். கரையும் நூலால் தைக்கப்பட்டோருள் நூற்றுக்கு 4.9 பேருக்கும், கவ்வி இடப்பட்டோருள் நூற்றுக்கு 10.6 பேருக்கும் காயத்திற் கோளாறு நேர்ந்தது. வேறுபாட்டிற்குப் பெருங்காரணம் காயம் பிளத்தலே. கவ்வியை அகற்றியபின் தோலின் விளிம்புகளைப் பிடித்துவைக்க எதுவுமில்லை. உள்ளோடும் நூலோ வாரக்கணக்கில் நின்று தாங்குகின்றது. தையலுக்கு ஏறத்தாழப் பத்து நிமிடம் கூடுதலாகச் சென்றமையே அதன் குறை. தழும்பின் தோற்றத்திற் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. பிரித்தானியாவின் நைஸ் நிறுவனமும் 2021இல் கவ்வியினும் தையலையே கருதுமாறு பரிந்துரைத்தது. தோலின் கீழுள்ள கொழுப்பு 2 சென்ரிமீற்றரை விஞ்சின் அதனையும் தைத்தல் வேண்டுமென்பது அந்நிறுவனத்தின் மற்றொரு விதி.

நகரவாசிக்கு இது சிறு வேறுபாடாகத் தோன்றலாம். மாத்தளை வைத்தியசாலையிற் பிரசவித்து, றத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்து மலைத்தோட்டங்களுக்கு மீளும் தாய்க்கு அவ்வாறன்று. கவ்வியை அகற்றக் கைக்குழந்தையோடு மீண்டும் மலையிறங்கல் வேண்டும். காயம் பிளப்பின், மருந்து கட்டும் பயணங்களும் அவற்றின் செலவும் பெருகும். கரையும் தையல் முதற்பயணத்தைத் தவிர்க்கும். ஏனையவற்றின் வாய்ப்பையும் குறைக்கும்.

எனினும் எம்முறையும் தூய்மையின்றிப் பயன் தராது. காயத்தை உலர்வாகப் பேணுக. ஆறு வாரம்வரை பாரம் தூக்காதிருத்தல் நலம். காய்ச்சல், சிவத்தல், சீழ், விளிம்பு பிளத்தல் ஆகியவற்றுள் ஒன்று காணினும், வீடு தேடிவரும் மருத்துவ மாதிடம் அன்றே கூறுக. அவர் வரும் நாள் தொலைவாயின் வைத்தியசாலைக்கே செல்க. கீறல் சிறிதென்று காலந்தாழ்த்துதல் தாய்க்குத் தீங்காகும்.