ஆலையும் இசைத்தட்டும்: பிடில் கலைஞர் ஜான் கார்சனின் வாழ்வும் கலைப்பயணமும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கக் கன்ட்ரி இசையின் வணிக வரலாறு, ஜார்ஜியா மாநிலத்துப் பிடில் கலைஞர் ஜான் கார்சன் 1923ஆம் ஆண்டு அளித்த இசைத்தட்டிலிருந்து தொடங்குவதாகப் பலரும் கூறுவர். மலைநாட்டு உழவரின் தொன்மையான இசை மாற்றமின்றித் தட்டில் பதிவாயிற்று என்பது அக்கூற்றின் உட்கிடை. கார்சனின் தொழில், போட்டி மேடை, கதைப்பாடல், வானொலி, இசைப்பதிவு ஆகியவற்றை முறையே நோக்கும் இக்கட்டுரை, அவரது கலை நகர ஆலைத் தொழிலாளர் வாழ்வோடு பிணைந்து வளர்ந்தது என்பதையும், 'பழைய நாட்டுப்புற இசை' என்னும் வகைப்பாட்டை உருவாக்கியதில் சந்தைக்குப் பெரும் பங்குண்டு என்பதையும் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பிடில், ஜான் கார்சன், அட்லாண்டா, பருத்தி ஆலை, கதைப்பாடல், இசைத்தட்டு, கன்ட்ரி இசை.

முன்னுரை

வயலினும் பிடிலும் வடிவில் ஒரே கருவியே. வாசிக்கும் மரபும் வாசிக்கப்படும் இடமுமே பெயரை வேறுபடுத்துகின்றன. அமெரிக்கத் தென்மாநிலங்களில் பிடில், நடனத்திற்குரிய கருவியாக விளங்கியது. இசைக்குறிப்பின் துணையின்றிக் கேள்வி வழியாகவே கற்கப்பட்டது. கருவியை மோவாயின் கீழ் இறுக்காமல் மார்பில் சாய்த்துப் பிடித்தல், வில்லைக் குறுகிய வீச்சுகளாக இயக்குதல், இரு தந்திகளை ஒருசேர ஒலித்தல் ஆகியன இம்மரபில் பரவலாகக் காணப்படும் கூறுகள். மார்பில் சாய்த்து வாசிக்கையில் கலைஞரால் தடையின்றிப் பாடவும் இயலும். கார்சன் வாசித்துக்கொண்டே பாடியவர் என்பதை நோக்க, இக்கூறு முதன்மை பெறுகிறது.

ஆலை வாழ்வும் போட்டி மேடையும்

வடஜார்ஜியாவில் பிறந்த கார்சன், 1900ஐ ஒட்டிய காலத்தில் அட்லாண்டா நகருக்குக் குடிபெயர்ந்து பருத்தி ஆலைகளில் பணியாற்றினார். உள்நாட்டுப் போருக்குப் பின் பருத்தி விலை வீழ்ந்து, குத்தகை உழவர் கடனில் சிக்கியபோது, ஆயிரக்கணக்கான வெள்ளையர் குடும்பங்கள் இவ்வாறே நகரை நாடின. ஆலையில் பெற்றோரோடு பிள்ளைகளும் உழைத்தனர். தொழிலாளர் குடியிருப்பான காபேஜ்டவுனின் தெருக்களும் இவரது அரங்கமாயின.

1913ஆம் ஆண்டு அட்லாண்டாவின் நகராட்சி அரங்கில் ஜார்ஜியா பிடில் கலைஞர் மாநாடு தொடங்கியது. 1935 வரை நடைபெற்ற இப்போட்டியில் கார்சன் பலமுறை பரிசு பெற்றார். நாளிதழ்கள் போட்டியாளர்களை மலையிலிருந்து இறங்கிவந்த வெள்ளந்தி மனிதர்களாகச் சித்திரித்தன. ஆலைச் சங்கின் ஒலிக்கேற்ப வாழ்ந்த கார்சனும் அவ்வேடத்தை ஏற்று, நகைச்சுவைப் பேச்சுடன் மேடையேறினார். இசைத்தட்டு நிறுவனங்கள் வருவதற்குப் பத்தாண்டுகள் முன்னரே 'நாட்டுப்புறத்தான்' என்னும் படிமம் நகரில் விலைபோயிற்று என்பதை இது காட்டுகிறது.

1914இல் ஃபுல்டன் பருத்தி ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏறத்தாழ ஓராண்டு நீடித்துத் தோல்வியில் முடிந்தது. அக்கொந்தளிப்பான காலத்தில் கார்சன் தெருவில் வாசித்துப் பொருளீட்ட நேர்ந்தது. பாடல்களை அச்சிட்ட தாள்களையும் விற்றார்.

கதைப்பாடலும் கும்பல் வன்முறையும்

1913 ஏப்ரல் மாதம், அட்லாண்டாவின் பென்சில் தொழிற்சாலையில் பணிபுரிந்த மேரி ஃபேகன் என்னும் 13 வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். தொழிற்சாலையின் மேற்பார்வையாளரான யூதர் லியோ ஃபிராங்க் மீது குற்றம் சுமத்தப்பட்டு மரண தண்டனை விதிக்கப்பட்டது. சான்றுகளில் ஐயம் கொண்ட ஆளுநர் ஜான் சிலேட்டன், 1915 ஜூன் மாதம் அதனை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். ஆகஸ்டு 17 அன்று ஒரு கும்பல் ஃபிராங்கைச் சிறையிலிருந்து கடத்தி, மேரியெட்டா ஊரருகே தூக்கிலிட்டது.

இந்நிகழ்வுகளை ஒட்டிக் கார்சன் இயற்றிய கதைப்பாடல், தமிழ் ஆய்வாளர் அறிந்த கொலைச்சிந்து வகையோடு ஒப்பிடத்தக்கது. உண்மைக் கொலையொன்றின் செய்தியும் இரங்கலும் அறவுரையும் அதில் கலந்துள்ளன. ஃபிராங்கையே கொலையாளியாக உறுதிசெய்து பாடிய அப்பாடலை, அவர் தூக்கிலிடப்பட்ட நாளன்று மேரியெட்டா நீதிமன்றத்தின்முன் திரண்ட மக்களிடையே கார்சன் பாடினார். பின்னர் 1925இல் அவருடைய மகள் ரோசா லீ அதனை இசைத்தட்டிலும் பதிவுசெய்தார்.

ஆலைக் குடும்பங்கள் மேரியிடம் தம் மகளைக் கண்டன. குழந்தையுழைப்பை விழுங்கிய தொழில்முறை மீதிருந்த சினம், யூதர் ஒருவர்மீது திருப்பிவிடப்பட்டது. பாடல் அச்சினத்திற்கு மொழி தந்தது. அதே வேளையில் அதற்குத் தவறான இலக்கையும் உறுதிசெய்தது. 1986இல் ஜார்ஜியா மாநில மன்னிப்பு வாரியம், குற்றத்தின் உண்மை குறித்துத் தீர்ப்பு எதுவும் கூறாமல், ஃபிராங்கைக் காக்க மாநிலம் தவறியதை ஏற்று அவருக்கு மன்னிப்பு வழங்கியது. நாட்டுப்புறக் கலைஞரை 'மக்களின் குரல்' என்று போற்றுமிடத்து, அக்குரல் எவரை எதிரியாக்கியது என்னும் வினாவையும் ஆய்வாளர் தவிர்க்க இயலாது.

வானொலியும் இசைத்தட்டும்

1922ஆம் ஆண்டு அட்லாண்டாவில் ஒலிபரப்பைத் தொடங்கிய டபிள்யூ.எஸ்.பி. வானொலியில் கார்சன் அவ்வாண்டிலேயே வாசித்தார். நகரில் இசைத்தட்டு விற்பனை செய்துவந்த போக் பிராக்மன், அவரைப் பதிவுசெய்யுமாறு ஓகே நிறுவனத்தின் ரால்ஃப் பியரை வலியுறுத்தினார். 1923 ஜூன் மாதம் அட்லாண்டாவிலேயே பதிவு நடந்தது. கார்சனின் குரல் பியருக்கு உவப்பாக இல்லை. எனவே தட்டு நிறுவனத்தின் விற்பனைப் பட்டியலில் சேர்க்கப்படாமல், பிராக்மன் கேட்ட 500 படிகள் மட்டும் அச்சிடப்பட்டன. அவை விரைவில் விற்றுத்தீரவே, அவ்வாண்டின் இறுதியில் கார்சன் நியூயார்க்கிற்கு அழைக்கப்பட்டார்.

பிடில் இசையின் முதற்பதிவு இதுவன்று. டெக்சாஸ் கலைஞர் எக் ராபர்ட்சன் 1922இலேயே விக்டர் நிறுவனத்திற்கு வாசித்திருந்தார். தென்மாநில வெள்ளையர் இசைக்குத் தனிச் சந்தை உண்டு என நிறுவனங்களை நம்பவைத்ததே கார்சன் தட்டின் சிறப்பு.

இவ்விடத்து இரு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, தட்டின் ஒருபுறம் இடம்பெற்ற சிறு மரக்குடில் பற்றிய பாடல், வில் ஹேஸ் என்பவர் 1871இல் இயற்றிய மேடைப்பாடல். முதிய கறுப்பினத்தவர் ஒருவரின் கூற்றாக அமைந்த அது, வெள்ளையர் முகத்தில் கரிபூசி நடித்த மின்ஸ்ட்ரல் அரங்க மரபைச் சார்ந்தது. ஆகவே 'பழைய இசை' எனச் சந்தைக்கு வந்ததற்கு ஆசிரியரும் பதிப்பும் இருந்தன. மற்றொன்று, அதே ஜூன் மாதப் பதிவுப் பயணத்தில் லூசில் போகன், ஃபேனி கூஸ்பி என்னும் கறுப்பினப் பாடகியரின் பாடல்களையும் பியர் பதிவுசெய்தார். ஒரே நகரின் இசை, இனத்தின் அடிப்படையில் இருவேறு விற்பனை வகைகளாகப் பிரிக்கப்பட்டது. இசையமைப்பில் இருந்த கொடுக்கல் வாங்கலை அப்பகுப்பு மறைத்தது.

இறுதிக்காலம்

1923 முதல் 1931 வரை ஓகே நிறுவனத்திற்கும், 1934இல் புளூபேர்டு நிறுவனத்திற்குமாகக் கார்சன் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களைப் பதிவுசெய்தார். அவற்றுள் உழவரின் துயரைப் பாடுவனவும் உள. பெருமந்தம் இசைத்தட்டு வணிகத்தைச் சிதைத்தது. அமெரிக்காவில் 1927இல் சுமார் 10 கோடியாக இருந்த விற்பனை, 1932இல் சுமார் 60 இலட்சமாகச் சுருங்கியதாகக் கணக்கிடப்படுகிறது. டால்மட்ஜ் குடும்பத்தாரின் தேர்தல் மேடைகளில் வாசித்த கார்சனுக்குப் பின்னாளில் மாநிலத் தலைமைச் செயலகக் கட்டடத்தில் மின்தூக்கி இயக்கும் பணி கிடைத்தது. 1949 டிசம்பர் 11 அன்று அவர் அட்லாண்டாவில் மறைந்தார்.

முடிவுரை

கார்சனின் கலைப்பயணத்தில் கிராமம், பெரும்பாலும் நினைவாகவும் வேடமாகவும் இயங்கியது. அவரைக் கேட்டவர்களும் இசைத்தட்டு வாங்கியவர்களும் அந்நினைவைப் பகிர்ந்துகொண்ட இடம்பெயர்ந்தோரே ஆவர். அவரது இசைக்குப் பொருள் தந்தவை ஆலைக்கூலி, போட்டி மேடை, வதந்தி, வானொலி, விற்பனையாளரின் கணக்கு ஆகியவை. பழைய இசைத்தட்டுகளை நாட்டார் வழக்காற்றியலின் சான்றுகளாகக் கொள்ளும் ஆய்வாளர், பாடலின் தொன்மையை வினவுவதோடு அமையாமல், அதனைத் தெரிவு செய்தவர், விலக்கியவர், எவ்வகையின்கீழ் விற்றவர் என்பனவற்றையும் வினவுதல் வேண்டும். அவ்வாறு வினவும்போது கார்சன், வறுமையில் உழன்ற உழைப்பாளியாகவும், திறன்மிக்க கலைஞராகவும், ஒரு கொடுமைக்குக் குரல் கொடுத்தவராகவும் ஒருங்கே தோன்றுகிறார். இவற்றுள் ஒன்றை முன்னிறுத்தி ஏனையவற்றை மறைப்பது வாழ்க்கை வரலாற்று ஆய்வின் நெறியாகாது.