பொன்னணுவை எண்ணி நோயை அறிதல்

மாரடைப்பின்போது இருதயத் தசை சிதைந்து, அதிலிருந்து இரத்தத்தில் கசியும் டிரோபோனின்-டி என்னும் புரதத்துக்கு, ஆரோக்கியமானவரிடம் இருக்கத்தக்க மேல்வரம்பாக வைத்தியர்கள் கொண்டிருப்பது ஒரு லிட்டருக்குச் சுமார் 14 நானோகிராம்தான். ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறே நானோகிராம் என்பதையும், அதே லிட்டர் இரத்தநீரில் ஏறத்தாழ 70 கிராம் அளவுக்கு மற்றப் புரதங்கள் நிறைந்திருப்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், இத்தகைய அற்பமான அளவைத் தேடியெடுத்து அளப்பது எவ்வளவு கடினமான காரியம் என்பது விளங்கும்.

இக்காரியத்துக்கு உதவுவது, அந்நியப் பொருள்களைப் பற்றிக்கொள்வதற்காக உடல் உண்டாக்கும் ஆன்டிபாடி. தனக்கு உரியதைத் தேர்ந்து பற்றுவதில் அது சமர்த்தானது. எனினும், பற்றியது எவ்வளவு என்று நாம் அறிய வேண்டுமானால், அளக்கத்தக்க அடையாளம் ஒன்றையும் அங்கே பிணைத்தாக வேண்டும். நியூயார்க்கில் பிராங்ஸ் பகுதியின் படைவீரர் ஆஸ்பத்திரியில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1950-களின் இறுதியில் கதிரியக்க அயோடினை அடையாளமாகக் கொண்டு இன்சுலினை அளந்தார்கள். அதற்காக 1977-இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் 1972-லேயே காலமாகிவிட்டார். கதிரியக்கப் பொருளைக் கையாளும் அபாயத்தைத் தவிர்க்கும் பொருட்டு, நிறமூட்டும் என்சைமை அடையாளமாக்கிய எலிசா முறை 1971-இல் பிறந்து, இன்று ஆய்வகந்தோறும் வழங்குகிறது.

இவ்வரிசையில் அடுத்து வந்தது உலோக அடையாளம். பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2001-இல் யூரோப்பியத்தையும், அதை அடுத்துப் பொன்னின் நானோத் துகளையும் ஆன்டிபாடியோடு பிணைத்து, நிறை நிறமாலைமானியால் அளந்து காட்டினர். சிறு குழியின் அடியில் ஓர் ஆன்டிபாடியைப் படியச்செய்து, அதன்மேல் இரத்தநீரை ஊற்றி, தேடும் புரதம் சிக்கியபின் கழுவிவிட்டு, பொன் துகள் ஏந்திய இரண்டாம் ஆன்டிபாடியைச் சேர்த்து, ஒட்டாததை மீண்டும் கழுவி அகற்றுவார்கள். எஞ்சிய பொன்னை அமிலத்தில் கரைத்து, சூரியனின் மேற்பரப்பையும் விஞ்சும் உஷ்ணமுள்ள ஆர்கான் பிளாஸ்மாவினுள் செலுத்தினால், அணுக்கள் மின்னேற்றம் பெற்று அயனிகளாகின்றன. கருவி அவற்றை நிறை வாரியாகப் பிரித்து, 197 என்ற நிறையெண்ணில் வருவனவற்றைப் பொன்னென்று கணக்கிடுகிறது.

நானோத் துகளின் சிறப்பு அதன் அணுத்தொகையில் இருக்கிறது. குறுக்களவு 20 நானோமீட்டரே உள்ள துகளில் சுமார் இரண்டரை லட்சம் பொன்னணுக்கள் அடங்கியிருப்பதால், சிக்கிய ஒரே மூலக்கூறு அத்தனை அணுக்களைக் கருவிக்குக் காட்டுகிறது. அன்றியும், இரத்தத்தில் இயல்பாகப் பொன் மிக அரிது. வெள்ளி, யூரோப்பியம் முதலியவை தத்தம் நிறையால் வேறுபடுவதால், ஒரே மாதிரியில் பல புரதங்களைத் தனித்தனியே அளக்கவும் முடிகிறது. கரைக்காமலே, மிகவும் நீர்த்த நிலையில், துகள்களை ஒவ்வொன்றாகச் செலுத்தி எண்ணும் முறையும் உண்டு.

ஆயினும் கருவியின் நுட்பத்தையே பரிசோதனையின் நுட்பமென்று கொள்ளலாகாது. புரதமில்லாத இடத்திலும் குழியின் சுவரில் சில துகள்கள் வீணே ஒட்டிக்கொள்கின்றன. எச்சில் இலைகளை எண்ணுகிறவனுக்கு எத்தனை பேர் உண்டார்கள் என்று தெரியுமேயன்றி, அவர்களில் அழையாமல் வந்தவர் யார் என்று தெரியாது. கருவியின் நிலையும் அதுதான். ஒரு மூலக்கூறின் குரலை லட்சம் மடங்கு பெருக்கும் துகள், ஒரு பிழையின் குரலையும் அதே அளவுக்குப் பெருக்கிவிடுகிறது. ஆதலால் துகளின் மேற்பரப்பைப் பாலிஎதிலீன் கிளைக்கால் போன்றவற்றால் போர்த்துவதும், குழியின் வெற்றிடங்களை ஆல்புமினால் முன்னரே நிரப்புவதும், ஆன்டிபாடியின் பற்றுதலை உறுதிப்படுத்துவதும், அளவையைப் போலவே முக்கியமான வேலைகளாகின்றன.

கருவியின் விலையும், அது இடையறாது செலவழிக்கும் ஆர்கான் வாயுவும், சாதாரண ஆஸ்பத்திரிகளில் எலிசாவின் இடத்தை இம்முறை எளிதில் கைப்பற்ற விடா. ஆராய்ச்சிக்கூடங்களிலிருந்து வரும் வியப்பான அறிவிப்புகளை வாசிப்போர், இம்முறை எவ்வளவு குறைந்த அளவைக் காண்கிறது என்பதோடு நின்றுவிடாமல், தேடும் பொருள் சிறிதும் இல்லாத மாதிரியில் அது எவ்வளவு காண்கிறது என்றும் கேட்க வேண்டும். முதல் எண்ணுக்கு மதிப்பு உண்டா என்பதை இரண்டாம் எண்ணே தீர்மானிக்கிறது.