கோத்தா திங்கி தண்ணீர்மேல் ஏன் கண் வைத்தார்கள்? ஜெமா இஸ்லாமியா: ஒரு விளக்கம்

கோத்தா திங்கியிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் பழைய சாலையில் போயிருந்தால், உலு திராமைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். 2024 மே 17 அதிகாலை 3 மணிக்குச் சற்று முன், அந்த ஊர்க் காவல் நிலையத்துக்குள் முகமூடி அணிந்த ஒருவன் பாராங்குடன் புகுந்தான். 22, 24 வயதே ஆன இரண்டு காவலர்கள் உயிரிழந்தார்கள். காயமடைந்த மூன்றாமவர் சுட்டதில் தாக்கியவனும் அங்கேயே இறந்தான்.

அன்றைக்கே ஒரு பழைய பெயர் மீண்டும் செய்திகளில் அடிபட்டது: ஜெமா இஸ்லாமியா. இன்றைய இளையவர்கள் பலருக்கு அது தெரியாத பெயர். கோத்தா திங்கிக்காரர்களுக்கோ இந்தக் கதையில் நேரடித் தொடர்பு உண்டு. அது தண்ணீர் வழியாக வந்த தொடர்பு.

யார் இவர்கள்?

இந்தோனேசியாவில் சுகார்த்தோ ஆட்சியின் கெடுபிடிக்குத் தப்பி, அப்துல்லா சுங்கார், அபு பக்கார் பஷீர் என்ற இரண்டு சமய போதகர்கள் 1985இல் மலேசியா வந்தார்கள். 1993இல் ஜெமா இஸ்லாமியாவைத் தொடங்கினார்கள். இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தென் பிலிப்பீன்ஸ் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே இஸ்லாமிய அரசு அமைப்பதுதான் நோக்கம். அதற்கு ஆயுதம் ஏந்தவும் தயாராக இருந்தார்கள்.

உலு திராமில் இவர்களுக்கு ஒரு சமயப் பள்ளி இருந்தது. பெயர் லுக்மானுல் ஹக்கிம். அங்கே பொறுப்பில் இருந்த முக்லாஸ், பிறகு 202 பேரைப் பலிகொண்ட 2002 அக்டோபர் 12 பாலி குண்டுவெடிப்புக்காக மரண தண்டனை பெற்றார். அதே பள்ளியோடு தொடர்புடைய இன்னொருவர் ஜொகூர்க்காரரான நூர்டின் முகமட் தோப். இவரை இந்தோனேசியப் போலீஸ் 2009இல் சுட்டுக் கொன்றது. 2001க்குப் பிறகு அதிகாரிகள் எடுத்த நடவடிக்கையில் பள்ளி மூடப்பட்டது.

சரி, தண்ணீருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

2001 டிசம்பரில் சிங்கப்பூர் அந்த அமைப்பின் உறுப்பினர்களைக் கைது செய்தது. 2003 ஜனவரியில் அந்நாட்டு அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, விசாரணையில் தெரியவந்ததை விவரித்தது. தூதரகங்கள், விமான நிலையம் ஆகியவற்றோடு, மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் தண்ணீர்க் குழாய்களும் இலக்குப் பட்டியலில் இருந்தன.

அந்தத் தண்ணீரில் பெரும்பங்கு ஜொகூர் ஆற்றிலிருந்து வருகிறது. 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம். ஆறு கோத்தா திங்கி வழியாக ஓடுகிறது. ஆற்று நீர் குறையும்போது கைகொடுக்கும் லிங்கியு நீர்த்தேக்கமும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது.

சிங்கப்பூரைத் தாகத்தில் தவிக்க விடுவது மட்டும் அவர்கள் எண்ணம் இல்லை. தாக்குதலை மலேசியா செய்ததுபோலக் காட்ட வேண்டும். இரு நாடுகளுக்கும் பகை மூள வேண்டும். மலாய்க்காரர் சீனர் மோதலாக அது வெடிக்க வேண்டும். அந்தக் குழப்பத்தில் தங்களுக்கு ஆள் சேரும் என்பதுதான் கணக்கு.

ஏன் குறிப்பாகத் தண்ணீர்?

ஏற்கெனவே அது புண்ணாக இருந்தது. பதப்படுத்தாத தண்ணீர் 1,000 கேலனுக்கு 3 சென், ஜொகூர் திரும்ப வாங்கும் சுத்திகரித்த தண்ணீர் 1,000 கேலனுக்கு 50 சென். இந்த விலை நியாயமா என்று இரு அரசுகளும் பல ஆண்டுகளாக வாதாடி வந்தன. காப்பிக் கடையிலும் இதே பேச்சுதான்.

இந்த வழிமுறையை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆயுதக் குழுக்கள் புதிதாகப் பகையை உண்டாக்குவதைவிட, இருக்கிற பகையைத் தேடிப் பிடிப்பதுதான் அதிகம்.

2018 நவம்பரில் சுபாங் ஜெயா, சீபீல்ட் மாரியம்மன் கோயில் கலவரத்தில் காயமடைந்த தீயணைப்பு வீரர் பிறகு உயிரிழந்தார். நாடே வருந்தியது. 2019 மே மாதம் போலீஸ் நால்வரைப் பிடித்தது. அவர்கள் ஐஎஸ் ஆதரவுக் குழு என்றும், அந்த மரணத்துக்குப் பழிவாங்குவதாகச் சொல்லி இந்துக் கோயில் உள்ளிட்ட வழிபாட்டுத் தலங்களைத் தாக்கத் திட்டமிட்டிருந்தார்கள் என்றும் போலீஸ் தெரிவித்தது. ஆளும் அமைப்பும் வேறு, வழிமுறை மட்டும் அதேதான்.

அப்படியானால் உலு திராம்?

தாக்கியவனின் தந்தை ஜெமா இஸ்லாமியாவைச் சேர்ந்தவர் என்று போலீஸ் முதலில் சொன்னது. மறுநாளே, மகன் தனியாகச் செயல்பட்டான் என்றார் உள்துறை அமைச்சர் சைபுடின் நசுத்தியோன். 2024 ஜூனில் குடும்பத்தினர் ஐவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. தந்தைமீது சாட்டப்பட்ட குற்றம், வீட்டுக்குள் ஐஎஸ் சித்தாந்தத்தைப் பரப்பியது. அதே மாதம் 30ஆம் தேதி, இந்தோனேசியாவின் போகோரில் ஜெமா இஸ்லாமியாவின் மூத்த தலைவர்கள் அமைப்பையே கலைப்பதாக அறிவித்தார்கள். பள்ளியை மூடலாம், அமைப்பைக் கலைக்கலாம். ஒரு வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் நம்பிக்கையைக் கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபம் இல்லை.

அரசியலில் இஸ்லாம் என்றாலே இதுதானா?

இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பாஸ் கட்சி இஸ்லாமிய ஆட்சிமுறையை வலியுறுத்துகிறது. ஆனால் அது தேர்தலில் நின்று வாக்குக் கேட்கும் கட்சி. 2022 பொதுத் தேர்தலில் மற்ற எந்தத் தனிக்கட்சியையும் விட அதிக நாடாளுமன்ற இடங்களை வென்றது. அதன் கொள்கையை நீங்கள் ஆதரிக்கலாம், எதிர்க்கலாம்; அது ஜனநாயக விவாதம். ஜெமா இஸ்லாமியா வாக்குச் சீட்டை நம்பாத அமைப்பு. உலு திராமில் இறந்த இரண்டு காவலர்களும் முஸ்லிம்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

நாம் என்ன செய்யலாம்?

யாராவது வன்முறையைப் புகழ்ந்து பேசினாலோ, ஆள் சேர்த்தாலோ போலீசிடம் சொல்லுங்கள். தாடியையும் உடையையும் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம். இப்படி ஒரு சம்பவம் நடந்த முதல் சில மணி நேரத்தில் வாட்சாப்பில் வருவதை அப்படியே அனுப்பாதீர்கள். உலு திராம் சம்பவத்தின்போது, அந்நேரம் புகார் கொடுக்க வந்திருந்த இரண்டு மாணவர்கள்மீதும் சந்தேகம் விழுந்தது. பிறகு அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள்.

1962 தண்ணீர் ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. அதற்குள் விலைப் பேச்சு பலமுறை வரும், சூடும் பிடிக்கும். அதில் தப்பில்லை. விலை பேசுவது இரு அரசுகளின் வேலை. அந்தச் சூட்டில் யாராவது இனப் பகையைக் கலக்கிறார்களா என்று பார்ப்பது நம் எல்லோருடைய வேலை.