பரணில் இருக்கும் லென்ஸை எடைக்குப் போடாதீர்கள்

சங்கத்தின் பொங்கல் விழாவில் குழந்தைகள் கோலாட்டம் ஆடியபோது நான் ஓரமாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த இளைஞர் ஒருவர், "அங்கிள், காமிரா புதுசா இருக்கு, லென்ஸ் மட்டும் அரதப் பழசா இருக்கே?" என்றார். கேட்டது நியாயம்தான். காமிரா, 2018-ல் நான் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றபோது மகள் வாங்கித் தந்தது. லென்ஸ் அதற்கு முப்பத்தைந்து வருடம் மூத்தது. விளக்கம் சொல்ல ஆரம்பிப்பதற்குள் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டார்கள். அதே பந்தியில் வேறொரு அன்பர், தம் தகப்பனார் வைத்திருந்த காமிராவையும் லென்ஸ்களையும் வீடு மாறும்போது பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டதாகச் சொன்னார். எனக்குப் பாயசம் இறங்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

என் லென்ஸ் சோவியத் நாட்டுத் தயாரிப்பு. ஸெனித் காமிராவோடு வந்த ஹீலியோஸ் 44-2. 58 மில்லிமீட்டர், எஃப் 2. ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் பயோட்டார் லென்ஸைப் பின்பற்றிச் செய்தது. 1986-ல் போரா பஜாரில் செகண்ட் ஹாண்டாக வாங்கினேன். ஒரு மாதச் சம்பளம் போயிற்று. வீட்டில் கிடைத்த வரவேற்பை எழுதாமல் விடுகிறேன். மறு வருடம் அம்மா கும்பகோணத்திலிருந்து எங்கள் குர்லா குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தார். வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவரை ஒரு படம் எடுத்தேன். பின்னால் இருந்த மரத்து இலைகள் எல்லாம் அம்மாவைச் சுற்றி வட்டமாகச் சுழல்வதுபோல் அதில் விழுந்திருந்தன. பிரிண்ட் போட்டவர் ஏதோ கோளாறு செய்துவிட்டார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

2005 ஜூலை 26 மழையை பம்பாய்வாசிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தரைத்தளத்தில் இருந்த எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். ஆல்பங்கள், நெகட்டிவ்கள், காமிரா எல்லாம் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. எல்லாம் போயிற்று. துடைப்பதற்காகக் கழற்றி, எவர்சில்வர் டப்பாவில் போட்டு மேல்தட்டில் வைத்த லென்ஸ் மட்டும் தப்பியது. அம்மா 1994-லேயே காலமாகிவிட்டார்.

நடுவில் ஒரு முறை, உறவினர் ஒருவரின் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராவில் ஒரு வளையம் போட்டு இந்த லென்ஸை மாட்டிப் பார்த்தேன். மூன்று மீட்டருக்குள் உட்கார்ந்தவர் தெளிவாக விழுந்தார். அதற்கு அப்பால் எல்லாம் மங்கல். லென்ஸும் கெட்டுவிட்டது என்று திரும்ப டப்பாவில் போட்டேன். கெட்டது லென்ஸ் அல்ல, என் கணக்கு.

ரயில் சக்கரத்தின் உள்விளிம்பை ஃபிளாஞ்ச் என்போம். லென்ஸ் காமிராவோடு பொருந்தும் முகப்புக்கும் அதே பெயர்தான். அந்த முகப்பிலிருந்து பிலிம் வரை உள்ள தூரம் ஒவ்வொரு ரகக் காமிராவுக்கும் நிர்ணயிக்கப்பட்டது. நமக்கு அகல ரயில் பாதை 1676 மில்லிமீட்டர் என்பதுபோல. ஸெனித், பிராக்டிகா, பழைய பென்டாக்ஸ் ஆகியவற்றின் திருகு லென்ஸ்களுக்கு, அதாவது எம்-42 ரகத்துக்கு, அது 45.46 மில்லிமீட்டர். அந்த லென்ஸ் பிலிமிலிருந்து சரியாக அவ்வளவு தூரத்தில் நின்றால்தான் தொலைவில் இருப்பது தெளிவாகும். நிக்கான் எஸ்.எல்.ஆருக்கு அந்தத் தூரம் 46.5. ஆக, வளையத்தின் கனத்தைச் சேர்க்காமலே லென்ஸ் ஒரு மில்லிமீட்டர் முன்னால் தள்ளி நிற்கிறது. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். 58-ஐ 58-ஆல் பெருக்கி, கூடுதலாக உள்ள தூரத்தால் வகுத்துப் பாருங்கள்: 3364-ஐ 1.04-ஆல் வகுத்தால் 3,235 மில்லிமீட்டர். அதே மூன்று மீட்டர்தான்!

எஸ்.எல்.ஆரில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆட வேண்டும். அதற்கு இடம் விட்டதால்தான் இவ்வளவு தூரம். 2008-க்குப் பிறகு வரத் தொடங்கிய மிர்ரர்லெஸ் காமிராக்களில் அந்தக் கண்ணாடியே இல்லை. சோனியில் தூரம் 18, நிக்கான் இஸட் வரிசையில் 16, கேனன் ஆர்.எஃப். வரிசையில் 20 மில்லிமீட்டர். என்னுடையது சோனி ஏ6000. 45.46-லிருந்து 18-ஐக் கழித்தால் 27.46. அந்த நீளத்துக்கு ஒரு குழாய் செய்து, ஒரு பக்கம் 42 மில்லிமீட்டர் விட்டத்தில் மரை, மறுபக்கம் சோனி பூட்டு என்று வைத்தால் வேலை முடிந்தது. அடாப்டர் என்பது இவ்வளவுதான். உள்ளே லென்ஸ் கிடையாது, மின்சாரம் கிடையாது, வெறும் காற்று. மினோல்டா, ஒலிம்பஸ், பழைய கேனன், யாஷிகா எஸ்.எல்.ஆர். லென்ஸ்களுக்கும் தூரம் 40-க்கு மேல்தான். அந்தந்த ரகத்துக்கு உரிய குழாயைக் கேட்டு வாங்க வேண்டும்.

இனி பயன்படுத்தும் முறை. அடாப்டர் வழியாக மாட்டினால் தன் மேல் லென்ஸ் இருப்பதே காமிராவுக்குத் தெரியாது. பட்டனை அழுத்தினால் சும்மா இருக்கும். மெனுவில் 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதை அனுமதிக்க வேண்டும். இது தெரியாமல் நான் இரண்டு நாள் திண்டாடினேன். டயலை ஏ-யில் வைத்தால் ஷட்டர் வேகத்தைக் காமிராவே பார்த்துக்கொள்ளும். துவாரத்தை நாம் லென்ஸில் திருப்ப வேண்டும். சில எம்-42 லென்ஸ்களின் பின்புறம் ஒரு சிறு ஊசி நீட்டியிருக்கும். அதை அழுத்தும் விளிம்புள்ள அடாப்டர் வாங்காவிட்டால் துவாரம் எப்போதும் திறந்தே நிற்கும். ஹீலியோஸ் 44-2-ல் அந்த ஊசி இல்லை.

ஃபோகஸ் செய்வதைத்தான் பலரும் பயப்படுகிறார்கள். இரண்டு கண்ணிலும் காடராக்ட் ஆபரேஷன் செய்துகொண்ட நான் சொல்கிறேன், ஸெனித்தைவிட இது சுலபம். ஒரு பட்டனை அழுத்தினால் காட்சி 6 மடங்கு, 12 மடங்கு பெரிதாகிறது. கண் இமையில் உள்ள முடியை எண்ணலாம். தெளிவாக உள்ள விளிம்புகளுக்குச் சிவப்போ மஞ்சளோ வண்ணமிட்டுக் காட்டும் வசதியும் உண்டு. அதை முழுக்க நம்பாதீர்கள். எஃப் 2-ல் மூக்குக்கும் கண்ணுக்கும் சேர்த்தே வண்ணம் பூசிவிடும்.

ஒரு விஷயம்: ஏ6000-ன் சென்ஸார் பிலிமைவிடச் சிறியது. அதனால் 58 மில்லிமீட்டர், 87 போல நடந்துகொள்ளும். முகங்களுக்கு மிக நல்லது. கல்யாணத்தில் குரூப் போட்டோவுக்கு உதவாது, சுவரில் முதுகு இடிக்கும் வரை பின்னால் போக வேண்டியிருக்கும்.

லென்ஸை எடுத்ததும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர் மழைக்காலத்தில் தோல் உறைதான் அதற்குப் பிறந்த வீடு. காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். ஃபோகஸ் வளையம் இறுகியிருந்தால் எண்ணெய் விடாதீர்கள். தண்டவாளத்துக்கு எண்ணெய் போட்டே பழகிய கை, ஒரு சொட்டு விட்டேன். அது வழிந்து துவாரத்து இதழ்களில் ஒட்டிக்கொண்டது. ஃபோர்ட் பகுதியில் ஒரு ரிப்பேர்காரர் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார், "ரயில்வேயா சாப்?" என்ற கேள்வியோடு.

சென்ற வருடம் திருச்சியில் அக்கா வீட்டுக்குப் போனபோது, பூஜை அறையில் அந்தக் கீரை ஆயும் படம் மாட்டியிருந்தது. 1987-ல் நானே அனுப்பிய பிரதியாம். எனக்கு மறந்தே போயிருந்தது. இலைகள் அப்படியே சுழன்றுகொண்டிருந்தன. அது பிரிண்ட்காரர் செய்த கோளாறு அல்ல, இந்த லென்ஸின் குணம் என்று அதற்குள் எனக்குத் தெரியும். பம்பாய் திரும்பியதும் பேத்தியை மாதுங்காவில் ஒரு மரத்தடியில் நிறுத்தி, எஃப் 2-ல் வைத்து எடுத்தேன். "தாத்தா, சீக்கிரம்!" என்று சிணுங்கினாள். ஆட்டோஃபோகஸ் பார்த்தே வளர்ந்த குழந்தை. இரண்டு படத்தையும் மகள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னிடம் மூன்று ரக அடாப்டர்கள் இருக்கின்றன. ஞாயிறு காலை சங்க நூலகத்துக்கு வருகிறேன். பரணில் ஏதாவது லென்ஸ் இருந்தால் எடுத்து வாருங்கள், மாட்டிப் பார்த்துவிடலாம்.